அலங்குக்கு வந்த சிங்கப் படம்

மூன்றாம் வகுப்பில் ‘காட்டு விலங்கு ஒன்றின் பெயர் எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். நான் அலங்கு என்று எழுதினேன். எறும்புதின்னிக்கு எங்கள் மலையில் அதுதான் பெயர். கொல்லிமலையில் பிறந்தவள் வேறு என்ன எழுதுவாள்? கீழேயிருந்து வந்திருந்த ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘சிங்கம்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

தொண்ணூற்றேழில் அதே மலையில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நானே ஆசிரியையாக வந்தேன். அடுத்த வருஷம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் போடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். எழுதும் வேலையை முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டேன். சிங்கத்தையும் புலியையும் பாட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் அலங்கு, தேவாங்கு, முள்ளம்பன்றி, மரநாய் என்று எங்கள் மலையில் இருப்பவற்றை மட்டும் எழுதினேன். அலங்குப் பாட்டு இது:

பல்லே இல்லா அலங்கு
பகலில் தூங்கும் அலங்கு
புற்றைக் கிண்டி நாக்கை நீட்டிப்
பூச்சி தின்னும் அலங்கு
தொட்டால் சுருண்டு பலாக்காய் போலத்
தோற்றம் காட்டும் அலங்கு
வாலின் மேலே பிள்ளை ஏற்றி
வனத்தைச் சுற்றும் அலங்கு

ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஒரு நிஜத் தகவல். அலங்கின் செதிலும் நம் விரல் நகமும் ஒரே பொருளால் ஆனவை என்று இதற்குப் போட்டேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் நகத்தைக் கடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

முள்ளம்பன்றிப் பாட்டுக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் மரவள்ளி போட்டிருந்தவர் வேலிக்கு அந்தப்புறம் நின்று, “ஏனுங்க டீச்சர், எங்க கெழங்கையெல்லாம் தோண்டித் தின்னுட்டுப் போவுது. அதுக்குப் போயிப் பாட்டுங்களா?” என்றார்.

“தின்னுறதையும் பாட்டுல போட்டிருக்கேனுங்க” என்றேன். போட்டுத்தான் இருந்தேன்.

அச்சடிக்கச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன். அச்சகக்காரர் தங்கமான மனிதர். அவரிடம் ஒரு பெட்டி நிறையப் படம் அச்சடிக்கிற பிளாக்குகள் இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், பள்ளிக்கூட நோட்டீசுக்குச் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி. எந்த வேலை வந்தாலும் பெட்டியில் இருப்பதை வைத்து முடித்துக் கொடுப்பதுதான் அவர் வழக்கம்.

“அலங்குக்குப் பிளாக் இல்லீங்க டீச்சர். பாட்டைச் சிங்கத்துக்கு மாத்திக் குடுத்துருங்களேன்.”

“பாட்டு மாறாதுங்க. கட்டம் மட்டும் போட்டு உள்ள காலியா விட்டுருங்க. எங்க புள்ளைங்களே வரைஞ்சுக்குவாங்க.”

“காலியாவா?” என்றார், கல்யாணப் பந்தியில் வெறும் இலையைப் போடச் சொன்னது போல.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பஸ்ஸில் புத்தகக் கட்டு வந்தது. கண்டக்டர் அதை இறக்கிக் கொடுத்துவிட்டு, “காலியா விட்டா நல்லாருக்காதுன்னு படம் போட்டுட்டாராமுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க” என்றார். அங்கேயே ரோட்டில் வைத்துக் கட்டைப் பிரித்தேன். அலங்குப் பாட்டுக்கு மேலே பிடரியைச் சிலுப்பிக்கொண்டு ஒரு சிங்கம். தேவாங்குக்கு ஒட்டகச்சிவிங்கி. முள்ளம்பன்றிக்கு யானை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்தார். “படம் அழகாத்தானேம்மா இருக்குது? நாளைக்கு நாமக்கல்லுலருந்து விருந்தாளி வர்றாரு. பேசாம இப்படியே குடுத்துரலாம்.”

இப்படியே கொடுத்தால், என் விடைமேல் விழுந்த சிவப்புக் கோட்டை நானே ஒவ்வொரு பிள்ளைமேலும் போட்டதாகிவிடும். முடியாது என்றேன். அவர் சத்தம் போட்டார். நானும் போட்டேன். அப்புறம் அவர் முன்னாலேயே சத்துணவு அடுப்பில் மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கினேன். வெள்ளைத் தாளைக் கட்டத்தின் அளவுக்கு வெட்டி, பிள்ளைகளை உட்காரவைத்து, சிங்கம், யானை எல்லாவற்றின் மேலேயும் ஒட்டச் சொன்னேன். காய்ந்ததும் அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் வரைந்தார்கள். ஒருத்தி தேவாங்குக்குக் கண்ணை மட்டுமே வரைந்துவிட்டு, “மிச்சமெல்லாம் எலைக்குப் பின்னாடி இருக்குதுங்க டீச்சர்” என்றாள்.

“விருந்தாளிக்குக் குடுக்கறதாவது சுத்தமா இருக்கட்டும்” என்று தலைமையாசிரியர் ஒட்டாத பிரதி ஒன்றை மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அந்த ஒன்றுக்காக இன்னொரு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

மறுநாள் விருந்தாளி மைக்கின் முன்னால் அந்தச் சுத்தமான பிரதியை விரித்தார். அலங்குப் பாட்டைக் கணீரென்று படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். “குழந்தைகளே, நீங்க சிங்கம் பார்த்திருப்பீங்க. இந்த அலங்குங்கறதும் சிங்கத்துல ஒரு வகைதான்” என்று அன்பாக விளக்கினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியர் பந்தல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசைப் பிள்ளை ஒன்றின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மேடை ஏறினேன். “தப்புங்கய்யா. அது பாட்டுக்குச் சம்பந்தமில்லாத படம். எங்க மலையில சிங்கம் இல்லீங்க. இதைப் பாருங்க” என்று நீட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பலாக்காயாம்மா? வாலெல்லாம் இருக்கே?”

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கீழே அத்தனை பிள்ளைகளும் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அலங்கு!” என்று கத்தினார்கள். மைக் இல்லாமலே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். மரவள்ளிக்காரரும் பின்னால் நின்று அவர்களோடு கத்திக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, விருந்தாளி அந்தச் சுத்தமான பிரதியை மேஜையிலேயே விட்டுப் போயிருந்ததைப் பார்த்தேன். சட்டியில் கொஞ்சம் பசை மிச்சமிருந்தது. தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிங்கத்தின் மேல் தாளை ஒட்டினேன். அலங்கை நானே வரைந்தேன். எனக்கு வரைய வராது, ஆனாலும் வரைந்தேன். அதன் கீழே பெயரையும் பெரிதாக எழுதினேன், சிவப்பு மையில்.