சனிக்கிழமை எண்ணெய்

முதல் புரொப்பெல்லர் கொள்ளிடத்தில் வெடித்தது. ஸ்கூட்டர் எஞ்சின் பொருத்தி, பின்னால் மரக் காற்றாடி சுழன்று தள்ளும் படகு எங்களுடையது. முழு வேகத்தில் மரம் பிளந்து, ஒரு சில்லு என் நண்பனின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஏழு தையல். எண்பதுகளில் இருவரும் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்ததற்குக் கார்பன் ஃபைபர் துணியால் தோல் போர்த்தினால் உடையவே உடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். வெளியூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த என் மாமா மிச்சத் துண்டு ஒன்று கொடுத்திருந்தார். ஒரு முறைக்குத்தான் காணும்.

அவன் மூன்று மாதம் புது மரத்தை இழைத்துச் செதுக்கினான். ஒரு சனிக்கிழமை காலை, தலை பளபளக்க, ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைக்கு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் கொட்டகைக்கு அதைத் தூக்கி வந்தான். மரத்தூளை உள்ளங்கையால் துடைத்துவிட்டான். பிசின் தடவித் துணியைப் போர்த்தினோம். பாலிதீன் உறைக்குள் செருகி, வாயை ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் பட்டிப் பசையால் அடைத்து, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரால் காற்றை உறிஞ்சினோம். உறை சுருங்கி இறக்கைகளைக் கவ்வியதும் அவன் முகத்தைச் சுளித்தான்.

"கழுத்தை நெரிக்கற மாதிரி இருக்குடா."

"நெரிக்கட்டும். ஒரு குமிழிகூட உயிரோட இருக்கக் கூடாது."

ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நான் வந்ததும் உறையைக் கிழித்தோம். கறுப்பாக மின்னியது. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஒரு இறக்கை முழுக்க 'டிங்'. மறு இறக்கையின் நடுவில் மட்டும் 'தொப்'.

"தோல் ஒட்டலைடா. சுத்தினா பிய்ச்சுக்கிட்டு மூஞ்சிலதான் வரும்."

"மூணு மாசம் இழைச்சிருக்கேன். கன்னம் என்னோடது, நோக்கு என்ன?"

புரொப்பெல்லரைத் தூக்கிக்கொண்டு, மூலையில் கழற்றி வைத்திருந்த எஞ்சினை நோக்கிப் போனவனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் விட்டான் ஒன்று. என் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, புரொப்பெல்லரைப் பிடுங்கித் தரையில் போட்டு, சம்மட்டியை ஓங்கினேன். ஒரே அடி. 'தொப்' இறக்கை முறிந்தது, தோல் பட்டையாக உரிந்து வந்தது.

அடியில் பிசின் பற்றாத மரம். ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன.

அவன் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

"நேத்து எண்ணெய் ஸ்நானம் பண்ணிட்டுன்னா வந்தேன்..."

"சீயக்காய் போடலையா?"

"தலைக்குப் போட்டேன். கைக்கு எவன்டா போடுவான்?"

சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெறியோடு மறு இறக்கையை அடித்தான். அது உடையவில்லை. நான்காவது அடியில் சம்மட்டியின் காம்புதான் ஒடிந்தது.