வண்டி அந்த ஊரில், ஓஸ் பைப் இந்த ஊரில்

போராட்டக்காரன் தொழிலில் பெரிய ஆபத்து, கேட்டது கிடைத்துவிடுவது. மனு எழுதியே விரல் காய்த்துப்போன தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. இந்தச் சேர்வராயன் மலையில் ரோட்டுக்காகவும் ரேஷன் கடைக்காகவும் நான் உட்காராத தரை இல்லை. ஒரு துண்டுகூட எவனும் போர்த்தியதில்லை. போகட்டும்.

எங்கள் ஊராட்சியும் பக்கத்து ஊராட்சியும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு எல்லைக்கல். அதை ஒட்டி லூர்துமேரியின் வீடு. புருஷன் இல்லாதவர், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். வீட்டைச் சுற்றிக் கோடையில் காய்ந்து நிற்கும் உண்ணிச்செடிப் புதர். போன கோடையில் அது பற்றிக்கொண்டு அவருடைய மாட்டுக்கொட்டகை போனது. டவுனிலிருந்து வந்த பெரிய தீயணைப்பு வண்டி எங்கள் வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. அடுத்த கோடையில் வீடும் போய்விடும் என்றுதான் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு சின்ன வண்டி கேட்டுப் போராடினேன். கிடைத்தது: ஒரு ஜீப், பின்னால் தண்ணீர்த் தொட்டி, பம்பு, நீளமான ஓஸ் பைப்.

பங்கு பிரித்த நாள்

வண்டி நிறுத்தக் கொட்டகை பக்கத்து ஊரில்தான் இருந்தது. இரண்டு ஊரும் கூடிய கூட்டத்தில் அந்த ஊர்த் தலைவர் பெரியண்ணன், "எங்ககிட்டயே நிக்கட்டுமுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அவருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி பூக்கிற நேரத்தில் மழை தவறினால் இந்தப் பம்பு எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? எழுந்து நின்றேன். வண்டி அங்கே இருக்கட்டும், ஓஸ் பைப் எங்கள் சமுதாயக் கூடத்தில் பூட்டியிருக்கும், சாவி என்னிடம் என்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

வண்டி ஓட்ட வந்த செபாஸ்டியன் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க, பொண்ண ஒரு ஊட்லயும் மாப்பிள்ளைய ஒரு ஊட்லயும் பூட்டி வெச்சுப்போட்டு, கொளந்த எப்பங்கன்னு கேட்டா எப்பிடிங்க?"

சாக்பீஸ் கோடு

பூட்டினால் மட்டும் போதுமா? வாரா வாரம் ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் அந்த வண்டியைப் பார்த்து வந்தேன். டயரிலும் தரையிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைப்பேன். மூன்றாவது வாரம் இரண்டு கோடும் பொருந்தவில்லை. அன்றைக்கே எழுதினேன்: "தீயணைக்கும் வண்டி யார் தோட்டத்தில் ஓடுகிறது?" ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானே நின்று கொடுத்தேன். கொடுத்த துண்டறிக்கையில் பாதியைப் பஜ்ஜிக்கடைக்காரர்தான் பயன்படுத்தினார் என்பது வேறு விஷயம்.

செபாஸ்டியன் எண்ணெய் ஊறிய ஒரு துண்டறிக்கையோடு என்னிடம் வந்தார். டயர் பள்ளத்தில் ஏன் செம்மண் இருந்தது என்று கேட்டேன். மலையில் வேறு என்ன மண் இருக்கும் என்று எதிர்க்கேள்வி போட்டார். அப்புறம் சொன்னார்: "வாரம் ஒருக்கா உருட்டலீன்னா பேட்டரி செத்துப்போயிருமுங்க. அதுக்கும் உங்ககிட்ட மனு குடுக்கோணுமுங்களா?"

எலியும் கத்தியும்

அவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பெரியண்ணன் ஒருநாள் இஞ்ச் டேப்போடு சமுதாயக் கூடத்துக்கு வந்து ஓஸ் பைப்பை அளக்க வேண்டும் என்றார். அளந்தோம். ஒரு ஆள் உயரம் குறைந்தது. எலி கடித்ததால் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டோம் என்று எங்கள் போராட்டச் சங்கச் செயலாளர் சொன்னார். நானும் அதையே அழுத்திச் சொன்னேன். ஆனால் அந்த வாரம்தான் செயலாளர் வீட்டுக் கீரைப் பாத்திக்குப் புதுக் குழாய் வந்திருந்தது. இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

பெரியண்ணன் வெட்டிய முனையைத் தடவிப் பார்த்தார். "உங்கூரு எலி நொம்ப நல்ல எலியாட்ட இருக்குதுங்க. நேரா, கோடு போட்டாப்பல கடிச்சிருக்குது."

புகை வந்தபோது

மாசிக் கடைசியில், நடுப்பகலில், எல்லைக்கல் பக்கம் புகை கிளம்பியது. யார் வைத்த தீ என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எழுதினால் வழக்கு வரும். செபாஸ்டியன் வண்டியோடு எங்கள் சமுதாயக் கூடத்துக்குப் பறந்து வந்தார். பெரியண்ணனும் கூடவே வந்தார். ஓஸ் பைப் கைமாறும்போது இரண்டு ஊரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நான் வைத்த விதி. பெரியண்ணன் பேனாவை வாங்கவில்லை. "அளக்காம போட மாட்டேனுங்க. நாளைக்கு இன்னுங் கொறஞ்சுதுன்னா என்ற தலைல கட்டுவீங்க" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ரோட்டில் விரித்து அளந்தோம். முனையிலிருக்கும் பித்தளை மூக்கைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்று கொஞ்ச நேரம் போனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, லூர்துமேரியோடு பழம் பறிக்கும் பெண்கள் பச்சைத் தழையால் அடித்தே தீயை அணைத்திருந்தார்கள். சமையல்கட்டுச் சுவர் கருகியிருந்தது. கூரை தப்பித்தது. லூர்துமேரியின் முன்கை கொப்பளித்திருந்தது. செபாஸ்டியன் பம்பை ஓட்டப் போனார். லூர்துமேரி தடுத்தார். "வேண்டாமுங்கண்ணா, நெருப்பு அமந்துபோச்சு. அந்தத் தண்ணியக் குடத்துல புடிச்சுக் குடுங்க, புள்ளைங்க கை காலு களுவட்டும்."

இரண்டு கையெழுத்து

ஒரு வாரம் கழித்து லூர்துமேரி கையில் கட்டோடு ஒரு மனு கொண்டுவந்தார். வண்டியும் ஓஸ் பைப்பும் ஒன்றாக அவர் வாசலில் நிற்க வேண்டுமாம். திருப்பித் திருப்பிப் படித்தேன். யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டேன். தானே எழுதியது என்றார். என் மனுக்களைவிடச் சின்னதாக, தெளிவாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது. கீழே பெரியண்ணன் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அது இன்னும் பெரிய சந்தேகம். அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே நானும் போட்டேன். சரி, சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"என்றகிட்டத்தானுங்கண்ணா. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க, நான் நெருப்பப் பாத்துக்கறேன்."

நாற்பது வருஷம் கத்தியும் என்னால் சேர்க்க முடியாத இரண்டு ஊரும், இப்போது ஒரே ஷேர் ஜீப்பில் ஏறி லூர்துமேரி வாசலுக்குப் போய் டயரைப் பார்த்துவிட்டு வருகிறோம்.