வாள்வீரரின் சிரிப்பும் கூடைக் கயிறும்

அப்பா முதலமடையில் மாந்தோப்புக் குத்தகை எடுத்திருந்த நாட்களில், எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரே அமெரிக்கர் ஒரு வாள்சண்டை நடிகர். கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள். அவர் நடித்த நாலைந்து படங்களின் டிவிடிகளை அப்பாவின் கடைசித் தங்கை, அதாவது என் அத்தை, பொக்கிஷம்போல் வைத்திருந்தாள். வேறு யாரும் தொட முடியாது.

பாய்மரத்திலிருந்து கயிற்றைப் பிடித்துப் பகைவர் கப்பலுக்குத் தாவுவார் அவர். தாவுமுன் ஒரு சிரிப்பு. குதித்ததும் இடுப்பில் கைவைத்து இன்னொரு சிரிப்பு.

"டூப்பு கெடையாது கண்ணு, அத்தனையும் அவரேதான். ஒடம்பெல்லாம் அடிபட்டு, சின்ன வயசுலயே செத்துப் போயிட்டாரு. ஆனா ஒரு எடத்துலயாவது மொகஞ் சுளிக்கறாரா பாரு" என்பாள் அத்தை. செத்தவர் இத்தனை சந்தோஷமாகப் பறப்பதை நான் வாயைப் பிளந்து பார்ப்பேன்.

எனக்கு ஒன்பது வயதில், பொள்ளாச்சியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள், இந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்து மட்டும் சரியென்று தலையாட்டியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை முன்னால் அந்த நடிகரைப் போலப் பறந்து காட்டுவதென்று முடிவு செய்தேன்.

மாங்காய் அடிபட்டால் விலை போகாது. அதனால் மரத்திலேயே பறித்துக் கூடையில் போட்டு, கிளைமேல் போட்ட கயிற்றால் மெதுவாக இறக்குவார்கள். வாசலுக்கு எதிரே இருந்த மரத்தில் ஏறி, அந்தக் கயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டுத் தாவினேன். அடிமரத்தில் கட்டியிருந்த மறுமுனை கூடைக்குத்தான் தாங்கும், எனக்கல்ல என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்து, கயிறு கிளைமேல் சரசரவென ஓடியது.

திண்ணையில் காப்பித்தட்டு விழும் சத்தம் கேட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை ஒரே பாய்ச்சலில் வந்து, ஓடிய கயிற்றை எட்டிப் பிடித்தாள். கயிறு அவள் உள்ளங்கைகளில் உரசிக்கொண்டே நழுவ, கூடை இறங்குவதுபோல நான் மெதுவாகத் தரையில் இறங்கினேன். அந்த வேகத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

"குதிச்சாச்சல்ல கண்ணு, இப்பச் சிரி!" என்று அவளே முதலில் சிரித்தாள். இடுப்பில் கைவைக்க மட்டும் மறந்துவிட்டாள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா சேலையில் தெறித்த காப்பியைத் துடைத்தபடி எழுந்தார். "பொண்ணு லட்சணமாத்தானுங்க இருக்குது. ஆனா எங்கூட்டுக்கு இத்தன துடிப்பு ஆகாதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பலகாரத்தைத் தொடாமலே கார் கிளம்பிப் போனது. மிச்சமெல்லாம் எனக்குத்தான் என்று மகிழ்ந்தேன்.

சாயங்காலம் அத்தை படம் பார்க்கக் கூப்பிட்டாள். முதல்முறையாக டிவிடியை என்னையே போடச் சொன்னாள். தாவிய வீரத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துப் பெருமையோடு போட்டேன். படம் முடியும்வரை அத்தையின் இரண்டு கைகளும் முந்தானைக்குள்ளேயே இருந்தன. அவர் சிரித்த இடத்திலெல்லாம் அவளும் சிரித்தாள்.