பஸ்ஸில் வாய் மூடாத அம்மா

பசங்களா, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்க அம்மாவுக்கும் எனக்கும் காலையில் நடந்த சண்டை வரை விசாரித்துவிட்டார்.

முன் சீட்டில் மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர், "சிதம்பரம் வந்துடுச்சா?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். இரவெல்லாம் தூங்காத மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ தூங்கு கண்ணு, எனக்கும் பேச ஆள் வேணும்" என்று இந்த அம்மா இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டார். பெரியவர் கேட்டபோதெல்லாம் முதல்முறை கேட்டதுபோலவே, "தோ வருது மாமா" என்றார். மகள் இந்த அம்மாவின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

புதுச்சத்திரத்தில் கண்டக்டர், "யம்மா, உங்க ஊரு! எறங்குங்க" என்றார்.

"கத்தாதய்யா, புள்ள முழிச்சுக்கப் போவுது. சிதம்பரம் போய்த் திரும்பி வந்துக்கிறேன்."

அந்த வாய்க்கு அவ்வளவு மெதுவாகவும் பேச வரும் என்று நான் நினைக்கவேயில்லை.