கடைசி எபிசோடில் என் பக்கம் காலி

மேகலா போய்விட்டாள்.

காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவள் தம்பி போன் பண்ணினான். "அக்கா போயிருச்சுக்கா" என்றான். "எப்ப எடுக்குறீங்க?" என்றுதான் கேட்டேன்.

"மதியத்துக்கு மேல எடுத்துருவோம்க்கா. சென்னையிலருந்து நீங்க வந்து சேர முடியாது. அலையாதீங்க."

அலையவில்லை. ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். டீ ஆறிப்போய்விட்டது.

இந்த குரூப்பில் பழைய ஆட்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும்... அந்த பொம்மை அனிமேக்கு, அதான் அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடருக்கு, தமிழில் சப்டைட்டில் போட்ட ரெண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி மேகலா.

கடைசி எபிசோட் எப்போ வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வராததற்குக் காரணம் நான்தான். அவள் இல்லை.

புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டர். மனு, கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா எல்லாம் அடித்துக் கொடுப்போம். பக்கத்துப் பக்கத்து சிஸ்டத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தோம்.

கதை தெரியாதவர்களுக்கு... ஒரு பெண் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பொம்மையைப் பார்க்கிறாள். உயிருள்ள பொம்மை. ஒரு வாழ்க்கையில் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுகிறாள். இன்னொரு வாழ்க்கையில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ரெண்டு வாழ்க்கையும் ஒரே சமயத்தில் ஓடும். பொம்மைகளால் மட்டும்தான் அங்கிட்டும் இங்கிட்டும் போய்வர முடியும்.

ஆளுக்கொரு வாழ்க்கையாகப் பிரித்துக்கொண்டோம். ரயில் ஏறினவள் பேசுவது எல்லாம் நான். வீட்டுக்குத் திரும்பினவள் பேசுவது எல்லாம் மேகலா. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் மௌஸ். இங்கிலீஷ் சப்டைட்டிலைப் பார்த்துத்தான் எழுதினோம், ஜப்பான் பாஷை யாருக்குத் தெரியும்!

நான் இங்கிலீஷில் இருப்பதை அப்படியே எழுதுகிற ஆள். அவள் அப்படி இல்லை. பொம்மையை அந்தப் பெண் கொஞ்சுகிற இடத்தில் "வாடி என் ஆத்தா" என்று போட்டுவிட்டாள்.

"ஜப்பான் பொம்மையப் போயி ஆத்தாங்குற... கமெண்ட்ல கிழிக்கப் போறாய்ங்கடி" என்றேன்.

"கிழிக்கட்டும். நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளைய வேற எப்புடிடி கொஞ்சுவாக?"

கிழித்தார்கள். அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிடிவாதக்காரி.

ஒருநாள் என்னால் வந்த வினை. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், பட்டாவில் பேர் மாற்ற மனு அடிக்க வந்தார். நான் சப்டைட்டிலில் காப்பி பண்ணி வைத்திருந்த ஒரு வரி, மனுவுக்கு அடியில் பேஸ்ட் ஆகிவிட்டது. "என்னை இந்த பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்." பொம்மை சொல்கிற வசனம். பார்க்காமல் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மனுஷன் வந்து நின்றார். "ஏத்தா, நான் சொல்லாதது ஒண்ணு அதுல இருந்துச்சாமே. அந்த ஆபீசர் அம்மா வாசிச்சுக் காட்டுச்சு."

மேகலாதான் எழுந்து, "தப்பு எங்க மேலதாங்கய்யா, வேற அடிச்சுத் தாரோம்" என்றாள்.

"வேணாத்தா. அந்த ஆபீஸ் பெஞ்சுலதான மூணு வருசமா ஒக்காந்து கெடக்கேன்... இன்னொரு மனு அடிக்கணும். அதையும் சேத்தே அடிச்சுருங்க."

அவர் போனதும் மேகலா சிரித்தாள் பாருங்கள்... தண்ணி குடித்துத்தான் நிறுத்தினாள்.

சென்னை வேலைக்கு ரெண்டு பேருக்கும்தான் ஆர்டர் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பையோடு வந்தாள். பஸ் புறப்படுகிற நேரத்தில், "நீ போடி. அம்மாவ விட்டுட்டு எனக்கு வர முடியல" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அப்புறமும் மெயிலில் ஒவ்வொரு எபிசோடாக முடித்தோம். கடைசி ஒன்றுதான் பாக்கி. அதில்தான் அந்த ரெண்டு பெண்களும் வெயிட்டிங் ரூம் கண்ணாடியில் முதல்முறையாகப் பார்த்துப் பேசுவார்கள்.

எனக்கு அதை எழுத வரவில்லை. வேலை, பஸ், சமையல், தூக்கம் என்று காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ரயில் ஏறினவள் என்னத்தைப் பெரிதாக வாழ்ந்துவிட்டாள் என்று மேகலாவிடம் எழுதிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அவளுக்கு கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. அங்கிருந்து வாய்ஸ் நோட் போடுவாள். "ஏய், ஒன் பக்கத்த அனுப்புடி. ஊசிய குத்திப் படுக்கப் போட்டுருக்காய்ங்க. நாலு மணி நேரம் சும்மாத்தான் கெடக்கேன்."

"நாளைக்கு அனுப்புறேன்டி." எத்தனை தடவை அந்த 'நாளைக்கு' சொன்னேனோ.

காலையில் போன் பண்ணின கையோடு அவள் தம்பி அவள் லேப்டாப்பில் இருந்த பைலை அனுப்பியிருக்கிறான். என் பேர் போட்டு வைத்திருந்தாளாம்.

அவள் பக்கத்தை முழுவதும் முடித்திருக்கிறாள். என் வரிகள் திரையில் நிற்க வேண்டிய நேரத்தை மட்டும் குறித்துவிட்டு காலியாக விட்டிருக்கிறாள். ஒன்றைக்கூட அவளாக எழுதவில்லை.

கண்ணாடிக் காட்சியில் அவள் பெண்தான் முதலில் பேசுகிறாள். "அங்கிட்டு நல்லாருக்கியாடி?"

அதற்குக் கீழே என் வரி. நாலு செகண்ட். காலி.

இங்கிலீஷில் அந்தப் பெண் சொல்கிற பதில், நன்றாக இருக்கிறேன் என்பதுதான். காலையிலிருந்து அதை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் "இல்லடி" என்று அடித்தேன். நாலு செகண்டுக்குச் சரியாக இருக்கிறது.

மிச்சத்தையும் இன்றைக்கே முடித்துவிடுகிறேன். போயிட்டு வாடி, என் ஆத்தா.