ரெக்கார்டு நோட்டில் எர்ரர் வராது

சென்ற வாரம், செவ்வாய்க்கிழமை மதியம். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்... போன். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்தும் செந்தில்.

"ஏனுங்கக்கா, நீங்க அனுப்புன புள்ள அழுதுட்டு உக்காந்திருக்குதுங்க."

அந்தப் புள்ள சுகன்யா, சோமனூர் தறிக்காரர் மகள். போன வருஷம் எங்கள் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள் — லேபில் நூற்றுக்கு நூறு! ஏழு இன்டர்வியூவில் தோற்றுவிட்டு வந்து நின்றாள். நான்தான் செந்திலிடம் சிபாரிசு செய்திருந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு ஆர்டரில் எந்த சைஸில் எத்தனை பீஸ் இன்னும் தைக்க வேண்டும் என்று காட்டுகிற சின்னதொரு புரோகிராம் கேட்டிருக்கிறார். சுகன்யா பேப்பர் வாங்கி மளமளவென்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். கீழே அவுட்புட்டையும் அவளே எழுதிவிட்டாள்!

"சரி கண்ணு, கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுன்னேனுங்க. டைப் பண்ணுச்சு. ஒரே ஒரு எர்ரர் வந்துச்சுங்க. அவ்ளோதான், கையை எடுத்துருச்சு."

ஓட்டிப் பார்க்காமலே அவுட்புட் எழுத முடியுமா என்கிறீர்களா? எங்கள் லேபில் அப்படித்தான். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் அவுட்புட். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் போதும். அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் போகும். குறைத்தது யார்? நான்தான், பதினெட்டு வருஷமாக. சுகன்யாவின் நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிப் பாராட்டியதும் நான்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சிலபஸ் பழசு, லேபில் பாதி கம்ப்யூட்டர் ஓடாது, பரீட்சைக்கு வருகிறவர் கேட்பதும் ரெக்கார்டைத்தான்... சாக்குக்கா பஞ்சம்? செந்திலிடமும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இங்க புதுசா மெஷின்ல உக்கார்றவங்களுக்கு மொதல்ல கட்டிங் வேஸ்ட்டத்தானுங்க குடுப்போம். கோணல்மாணலாத் தைக்கட்டும், ஊசி ஒடையட்டும்னு. நல்ல துணியெல்லாம் அப்புறந்தான். உங்க காலேஜ்ல தப்புப் பண்றதுக்குன்னு ஒரு கிளாஸ்கூட இல்லீங்களாக்கா?"

"ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி, அந்தப் புள்ளைக்கு" என்று கெஞ்சினேன். கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, இரண்டாம் வருஷ லேப். "இன்னைக்கு ரெக்கார்டு வேண்டாம். நீங்களா யோசிச்சு எழுதி ஓட்டிப் பாருங்க. எர்ரர் வந்தா வரட்டும்" என்றேன். முப்பது பேரும் கீபோர்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்தாள்.

"மேம்... தப்பு வந்தா மார்க் குறைப்பீங்களா?"

மாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன்?

நேற்று சுகன்யா கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு துள்ளல்.

"மேம், ஒரு வாரமா எர்ரர் மேல எர்ரருங்க. இன்னைக்கு ஓடிருச்சுங்க! திங்கக்கிழமையில இருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாருங்க. எல்லாம் உங்களாலதானுங்க மேம்!"

அந்த ஏழு இன்டர்வியூவும் என்னால்தான் கண்ணு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.