வண்டி வந்துட்டே இருக்கு

கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வாயாடி என்பதால் அல்ல, குரலுக்காக வைத்தது. போலீஸ் அவசர எண்ணை நடுங்கிக்கொண்டே அழைப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் பாதி அழுகையை நிறுத்திவிடுவார்கள். பஸ் மெக்கானிக்கான கணவருக்கு மட்டும் இதில் தீராத குறை. "ஊருக்கெல்லாம் ரேடியோ, எனக்கு மட்டும் லவுட்ஸ்பீக்கரா?" என்பார். பதினாறு வருட சர்வீஸில் அவள் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

எண்ணை அழுத்திய மறுநிமிடமே ஒரு வண்டி சைரனோடு பாய்ந்து கிளம்பும் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. உள்ளே நடப்பது வேறு. ரேடியோ விவரம் கேட்டுத் தட்டச்சு செய்வாள். அது பக்கத்து அறைக்குப் போகும். அங்கே இருப்பவர் எந்த ரோந்து வண்டி சும்மா இருக்கிறது என்று பார்த்து அனுப்புவார். அனுப்பிவிட்டால் அவள் திரையில் அந்த வரி பச்சையாகும். அதுவரை வெள்ளை. வெள்ளை வரியைப் பார்த்துக்கொண்டே, அழுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது? "வண்டி வந்துட்டே இருக்கு" என்பார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதைக் கேட்டு எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்ட வாக்கியம்.

சொல்லப்போனால் யார்தான் இதைச் சொல்வதில்லை? குளிக்கவே போகாத ஆள் போனில், "தெருமுனைக்கு வந்துட்டேன்" என்கிறான். துணியில் கத்திரியே வைக்காத தையல்காரர், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்கிறார். அதனால் யார் குடியும் முழுகிவிடுவதில்லை. ரேடியோ சொன்னதால் ஒரு குடி முழுகியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அந்தப் பகுதியின் ஒன்பது வண்டிகளும் மெயின் ரோட்டில் நின்றிருந்தன. ஒரு பெண் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் முன்கதவை உடைக்கிறார். கையில இரும்புக் கம்பி வெச்சிருக்கார்."

ரேடியோ விலாசம் வாங்கினாள். தட்டினாள். வரி வெள்ளையாக நின்றது.

"நீ எங்கம்மா இருக்கே?"

"சமையலறையில. பின்னாடி சுவர் இருக்கு, தாண்டிட்டா அடுத்த தெரு. போயிடட்டுமாக்கா? இல்ல, நீங்க வந்துடுவீங்களா?"

சுவர் என்றதும் ரேடியோவின் மனதில் ஆள் உயரச் சுவர் ஒன்று எழுந்து நின்றது. ஏறும்போது காலை ஒடித்துக்கொண்டால்? அவன் அந்தப் பக்கமாக வந்து பிடித்துவிட்டால்? இதையெல்லாம் அப்போதே யோசித்தாளா, இல்லை பிறகு தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள யோசித்தாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பயப்படாதம்மா. வண்டி வந்துட்டே இருக்கு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு அங்கேயே இரு."

"சரிக்கா," என்றாள் அந்தப் பெண். மூச்சு கொஞ்சம் சீரானது கேட்டது. வரி பச்சையானபோது பதினோரு நிமிடம் கழிந்திருந்தது. அதற்கு முன்பே அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிருந்தது. ரேடியோ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

விசாரணை நடந்தது. பணியில் பிழை ஏதுமில்லை என்று எழுதினார்கள். குரல் பதிவைக் கேட்ட அதிகாரி, "எவ்வளவு நிதானம்! புதுசா வர்றவங்களுக்கு இதைப் போட்டுக் காட்டணும்" என்றார். ரேடியோ கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதன்பிறகு அவள் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. "வண்டி இன்னும் கிளம்பலை. வெளியே போக வழி இருந்தா போயிடுங்க. போய்ட்டு மறுபடி கூப்பிடுங்க" என்றாள். ஜனங்கள் திட்டினார்கள். நாலு மாதத்தில் ஏழு புகார். மக்களுக்கு நம்பிக்கை வரும்படி பேசவும் என்று மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

அப்போதுதான் இறந்த பெண்ணின் தாய் அவளைப் பார்க்க வேண்டும் என்று மனு கொடுத்தாள். நன்றி சொல்வதற்காம். "தலையை ஆட்டிட்டு வந்துடு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே" என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

பார்வையாளர் அறையில் ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அந்தத் தாய். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். ரேடியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் அவகூடப் பேசிட்டு இருந்தியாமே. என் பொண்ணு தனியா சாகலைன்னு சொன்னாங்க. நீ நல்லா இருக்கணும் தாயி."

தலையாட்டியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு ஆறுதலும் இல்லாமல் இவள் வீட்டுக்குப் போவாள். வேலையும் போகும். ஆனால் பிடித்திருந்த கைகளின் சூட்டை அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அவ சுவரைத் தாண்டிப் போயிடட்டுமான்னு என்னைக் கேட்டா. நான்தான் வேணாம்னேன். வண்டி வந்துட்டே இருக்குன்னு பொய் சொன்னேன். அப்போ எந்த வண்டியுமே கிளம்பலைம்மா."

தாய் கையை எடுத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தாள் ரேடியோ. அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்தச் சுவரைப் பார்த்திருக்கியா நீ?"

"இல்லம்மா."

"என் இடுப்பு உயரம்கூட இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க விளையாட்டா தாண்டும்." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாலு மாசமா அவளைத்தான் திட்டிட்டு இருக்கேன். ராத்திரி பகல் திட்டுறேன். அடி பைத்தியக்காரி, இத்துணூண்டு சுவரைத் தாண்டத் தெரியலையாடி உனக்குன்னு. படத்துக்கு முன்னாடி நின்னு திட்டுறேன்."

"சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா," என்றாள் தாய். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பெரியவங்க சொன்னா தட்டமாட்டா."

எழுந்தாள். அப்புறம் ரேடியோவைத் திரும்பிப் பார்க்காமல், மகளிடம் மன்னிப்புக் கேட்க வீட்டுக்குக் கிளம்பினாள்.